பன்னிரண்டு மில்லிமீட்டர்

என் மகளின் கழுத்தை முதலில் அளந்தவர் ஒரு தையல்காரம்மா. ஈப்போவில் சேலைக் கடைகள் இருக்கும் தெருவில், மாடிப்படிக்குக் கீழே ஒரு இயந்திரத்தை வைத்துக்கொண்டு ரவிக்கை தைப்பவர். நிச்சயதார்த்தச் சேலை எடுத்த கையோடு அங்கே போயிருந்தோம்: நானும், மகளும், மாப்பிள்ளைப் பையனின் அம்மாவும். தோளையும் கையையும் அளந்துவிட்டு, கழுத்து இறக்கத்துக்காக நாடாவை வைத்தவர் அப்படியே நின்றார்.

"எச்சில முழுங்கு தங்கச்சி," என்றார்.

மகள் சிரித்துக்கொண்டே விழுங்கினாள். "என்னக்கா, ரவிக்கைக்கு இதெல்லாம் பார்ப்பீங்களா?"

"சிரிக்காத லா. இங்க ஒண்ணு ஏறி இறங்குது பாரு. யார்கிட்டயாச்சும் காமிச்சியா?"

பையனின் அம்மா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். முகம் மாறவில்லை. நல்ல மனுஷி, இப்போதும் அப்படித்தான் சொல்வேன். "பயப்படாதீங்க அக்கா," என்றார் என்னிடம். "எனக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர் இருக்காங்க. சனிக்கிழமை நானே காடி ஓட்டிட்டு வாரேன். மூணு பேரும் போலாம்."

நான் தலையாட்டினேன். அந்தச் சமயத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது என் மகளின் கழுத்தை அல்ல. வேறொரு கழுத்தை.

என் தங்கை இருபத்து மூன்று வயதில் இறந்தாள். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அவளை எல்லாருக்கும் தெரியும். ஆனால் எதனால் இறந்தாள் என்பது அப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முதலில் கழுத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று வந்தது. தோட்டத்து மருந்தகத்தில் கட்டுப்போடும் டிரெசர் தடவிக்கொள்ள ஒரு களிம்பு கொடுத்தார். அவள் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வந்தாள். துண்டுக்கு வெளியே தெரியும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கழுத்துக் கான்சர் என்றார்கள். பக்கத்துச் சுரப்பிகளுக்கும் போய்விட்டது என்றார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "யார் கேட்டாலும் காய்ச்சல்னு சொல்லு." என் கல்யாணத்தன்று தங்கை சமையல் பந்தலிலேயே இருந்தாள். கழுத்து படத்தில் விழும் என்று அப்பா அவளை முன்னால் வரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் கல்யாண ஆல்பத்தில் அவள் ஒரு பக்கத்திலும் இல்லை. நாலு மாதம் கழித்துப் போய்விட்டாள். என் கணவர் என்னோடு சாவு வீட்டுக்கு வந்து, எல்லாக் காரியத்தையும் எடுத்துப்போட்டுச் செய்தார். விஷக் காய்ச்சல், சளி நெஞ்சில் கட்டிவிட்டது என்று அவரிடமும் சொல்லியிருந்தோம்.

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தால், யார் எதைக் கேட்டாலும் முதலில் வாயில் வருவது "இல்லை" என்பதுதான். சர்க்கரை இருக்கா? இல்லை. வலிப்பு, மனநோய், தோல் வியாதி? இல்லை. தரகர் கேட்டாலும் அதே பதில், கோயில் வாசலில் பேச்சுவாக்கில் கேட்டாலும் அதே பதில். அதைப் பொய் என்று நாங்கள் நினைப்பதில்லை. வாசலைச் சாத்துகிற மாதிரி ஒரு காரியம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மருத்துவமனையில் ஒரு மிஸ்ஸி, பச்சைச் சீருடை போட்ட இளம் தாதி, படிவத்தைப் படித்துக் கேள்வி கேட்டுக்கொண்டே டிக் போட்டார். ஒன்பதாவது கேள்வி: இரத்த உறவில் யாருக்காவது தைராய்டு நோயோ கான்சரோ உண்டா? மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பையனின் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இல்லை," என்றேன்.

உள்ளே மகளைப் படுக்க வைத்து, தோளுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்து, தலையைப் பின்னால் சாய்த்தார்கள். கழுத்து மேலே தூக்கிக்கொண்டு நின்றது. டாக்டர் சீனப் பெண்மணி. எங்களோடு மலாயில் பேசினார். குளிர்ந்த களிம்பைத் தடவி, கையில் இருந்த கருவியை அதன் மேல் மெதுவாக நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறத்தில் மழை பெய்வது போல இருந்தது. நடுவில் கறுப்பாக, அவரைக்கொட்டை வடிவில், ஒன்று படுத்திருந்தது.

பையனின் அம்மாதான் கேட்டார்: "டாக்டர், அது கெட்டதா?"

"நான் பார்த்தவுடனே நல்லது, கெட்டது என்று சொல்வதில்லை," என்றார் டாக்டர். "எல்லா டாக்டரும் ஒரே மாதிரி பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு அட்டவணை இருக்கிறது. ஐந்து விஷயம் பார்ப்போம். உள்ளே தண்ணீரா, சதையா. சுற்றியிருப்பதைவிடக் கறுப்பா, வெளுப்பா. படுத்திருக்கிறதா, நிமிர்ந்து நிற்கிறதா. ஓரம் வழவழப்பா, கோணலா. உள்ளே வெள்ளைப் புள்ளிகள் உண்டா. ஒவ்வொன்றுக்கும் மார்க். கூட்டினால் எந்த வகை என்று தெரியும்."

முழுக்கச் சதை, இரண்டு மார்க். கறுப்பு, இரண்டு மார்க். மற்ற மூன்றுக்கும் பூஜ்யம். மொத்தம் நாலு, நாலாவது வகை. ஓரளவு சந்தேகப்பட வேண்டியது என்று அதற்குப் பொருள். திரையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோடு இழுத்தார். பன்னிரண்டு மில்லிமீட்டர்.

"இந்த வகையில் பதினைந்து இருந்தால்தான் ஊசி குத்தி எடுத்துச் சோதிப்போம். பத்துக்கு மேல் இருப்பதால் ஒரு வருஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்."

எனக்கு அந்த அட்டவணையைப் பிடித்துப்போனது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் இருபது வருஷமாக ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ரப்பர் கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிடுவோம். சொட்டினால் ஓட்டை. இத்தனை கையுறையில் இத்தனை ஓட்டை வரை அனுமதி, அதற்கு மேல் போனால் மொத்தச் சரக்கும் நிறுத்தப்படும். என் பயமோ என் இரக்கமோ அதில் நுழைய முடியாது. எண்தான் முடிவு செய்யும். அன்றைக்கும் ஒரு எண் முடிவு செய்துவிட்டது, நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று பட்டது.

அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே படிவத்தைப் புரட்டினார்.

"குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று போட்டிருக்கிறது. நிச்சயமாகத் தெரியுமா? இந்த அட்டவணை கழுத்தை மட்டும்தான் பார்க்கும். குடும்பத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

அவர் கேட்ட விதத்தில் அவசரம் இல்லை. இரண்டாம் முறையாக வழி திறந்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்குப் பக்கத்தில் கைப்பையின் கொக்கி திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இல்லை டாக்டர்," என்றேன்.

வெளியே வந்து மூவரும் காப்பி குடித்தோம். பையனின் அம்மா யாருக்கோ ஃபோன் போட்டு, "ஒண்ணுமில்ல லா, சின்னதாத்தான் இருக்காம், அடுத்த வருஷம் வரச் சொல்லிட்டாங்க," என்று சந்தோஷமாகச் சொன்னார். மகள் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டாள். நான் அவள் விழுங்குவதையே பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் செய்தது அது ஒன்றுதான். அவள் சாப்பிடும்போது, தண்ணீர் குடிக்கும்போது, கண்ணாடி முன்னால் தலை வாரும்போது, பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர். கையுறையின் மணிக்கட்டு வளையத்தை அளக்கும் ஸ்கேலில் மூன்று மில்லிமீட்டர் எவ்வளவு என்று தினமும் பார்ப்பேன். அரிசி மணியின் பாதி.

"அம்மா, ஏன் அப்படிப் பார்க்குறீங்க? எனக்குக் கூசுது," என்பாள்.

"சும்மாதான்."

"சும்மா பார்க்குற பார்வையா இது? தங்கக்கடையில எடை போடுறவன் பார்ப்பானே, அந்த மாதிரி இருக்கு."

அவள் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தை ஒட்டிய பள்ளி. காலைச் சபைக்கூடலில் ஒலிபெருக்கி வேலை செய்யாவிட்டால் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். திடலின் மறுகோடி வரை கேட்கும் குரல். வீட்டில் சமையலறையிலிருந்து அவள் ஒரு சத்தம் கொடுத்தால் வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருக்கும் அவளுடைய அப்பா, "ஏம்மா, பினாங்குக்கே கேக்குது," என்பார்.

நிச்சயதார்த்தத்துக்கு நான் அவளுக்கு அகலமான அட்டிகையாகப் பார்த்து வாங்கினேன். கழுத்தோடு ஒட்டி, மேலே ஏறி நிற்பது. அவளுக்குப் பிடிக்கவில்லை, மெல்லிய சங்கிலி போதும் என்றாள். நான் விடவில்லை. மண்டபத்தில் எல்லாரும் அட்டிகை எடுப்பாக இருக்கிறது என்றார்கள். படங்களில் அவள் முன்னால் நிற்கிறாள், கழுத்து தெரியவில்லை. தங்கையைச் சமையல் பந்தலில் மறைத்தோம், மகளைத் தங்கத்துக்குப் பின்னால் மறைத்தேன். இதை நான் அன்றைக்கு நினைக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

ஒருமுறை மட்டும் சொல்லிவிடலாம் என்று போனேன். வேலையில் அரை நாள் விடுப்பு எடுத்து, அந்த மருத்துவமனை வரை காரை ஓட்டிக்கொண்டு போய், நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் மிஸ்ஸியிடம் ஒன்பதாவது கேள்விக்குப் பதில் தப்பு என்று சொன்னால் போதும். பையனின் வீட்டுக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மிஸ்ஸியும் ஒரு தமிழ்ப் பெண். யாருக்கு யார் சொந்தம் என்று யாருக்குத் தெரியும்? கல்யாணம் முடியட்டும், மறு ஸ்கேனுக்கு இன்னும் ஆறு மாதம்தானே என்று சமாதானம் செய்துகொண்டு காரைத் திருப்பினேன்.

வருஷம் முடிந்தது, கல்யாணத் தேதி இன்னும் வரவில்லை; நானும் மகளும் மட்டும் போனோம். அதே டாக்டர், அதே கருவி. அதே ஐந்து விஷயங்களை அதே வரிசையில் பார்த்தார். பழைய படத்தைத் திரையின் ஒரு பக்கத்தில் வைத்திருந்தார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. ஓரம் மடிப்பு மடிப்பாக இருந்தது. உள்ளே மிளகாய் விதை சிதறிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். ஓரத்துக்கு இரண்டு, புள்ளிகளுக்கு மூன்று. மொத்தம் ஒன்பது, அட்டவணையில் கடைசி வகை. பதினெட்டு மில்லிமீட்டர். கருவி கழுத்தின் பக்கவாட்டில் ஏறி ஓரிடத்தில் நின்றது. அங்கேயே வெகுநேரம் இருந்தது.

"என் தங்கைக்கு இருந்தது," என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை. டாக்டரின் கை நின்றது. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்த மகளும் அசையவில்லை. முழுவதும் சொன்னேன். வயது, ஆஸ்பத்திரி, பக்கத்துச் சுரப்பிகள். மலாயில் சொன்னேன். அந்த மொழியில் அதை நான் அதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தமிழிலும் சொன்னதில்லை.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எழுதிக்கொண்டார்.

"போன வருஷமே சொல்லியிருந்தால் ஊசி போட்டிருப்பீர்களா?" என்று கேட்டேன்.

பழைய படத்தை ஒருமுறை பார்த்தார். "பன்னிரண்டிலேயே குத்தியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் யோசித்திருப்பேன். ஒரு வருஷம் விட்டிருக்க மாட்டேன்."

காரில் ஏறி, பெல்ட் போட்டுக்கொண்டு, அவள் கழுத்தில் மிச்சமிருந்த களிம்பைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

"சின்னம்மா காய்ச்சல்ல போகலையா?"

"இல்லம்மா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

வீட்டுக்குப் போகும் வழியில் எப்போதும் நிறுத்தி வாழைப்பழப் பலகாரம் வாங்குவோம். அன்றைக்கும் நிறுத்தச் சொன்னாள், வாங்கினாள், அப்பாவுக்கு என்று தனியாக ஒரு பொட்டலம் கட்டச் சொன்னாள்.

ஊசி முடிவு நாங்கள் எதிர்பார்த்ததுதான். தைராய்டு சுரப்பி முழுவதையும், கழுத்தின் பக்கத்துச் சுரப்பிகள் சிலவற்றையும் எடுத்தார்கள். இந்த வகைக் கான்சரில் பெரும்பாலானவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று அறுவை டாக்டர் சொன்னார். சீக்கிரம் பார்த்திருந்தால் பக்கத்துக்குப் போயிருக்காதா என்று அவரிடமும் கேட்டேன். "அதை யாராலும் சொல்ல முடியாதும்மா," என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது தண்டனையாக இருக்கிறது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன்.

குரலுக்குப் போகும் நரம்பு ஒன்று அடிபட்டிருக்கிறது. மாதக்கணக்கில் ஆகலாம், திரும்பலாம், முழுதாகத் திரும்பாமலும் இருக்கலாம். இப்போது அவள் பேசினால் காகிதத்தைக் கசக்குகிற மாதிரி இருக்கிறது. பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்கள். சமையலறையிலிருந்து அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டுகிறாள்.

என் கணவரிடம் நான் சொன்னது அறுவைக்கு முந்தின நாள். அவர் வாசலில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, கழற்றியதைத் திரும்பவும் மாட்டினார்.

"உன் தங்கச்சியைத் தோள்ல தூக்கிட்டுப் போனவன் நான்," என்றார். "அப்ப எனக்கும் சொல்லல."

"அப்பா சொல்லவேணாம்னு…"

"உங்கப்பா செத்து எத்தன வருஷம் ஆச்சு?"

அதற்கப்புறம் மகளை எல்லா இடத்துக்கும் அவரே கூட்டிப் போகிறார். என்னோடு தேவையானதைப் பேசுகிறார். உப்பு வேண்டுமா, கேஸ் தீர்ந்துவிட்டதா.

பையனின் அம்மாவிடமும் நானே போய்ச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன்; அதற்குத் தயாராகத்தான் போனேன். அவர் மேசையில் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், "நான் உங்க இடத்துல இருந்தா நானும் இல்லன்னுதான்கா சொல்லியிருப்பேன்," என்றார். அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டே, "கல்யாணத்தக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்," என்றார். பையன் சனிக்கிழமைகளில் வருகிறான். மகள் ஃபோனில் தட்டி அவனுக்குக் காட்டுகிறாள், அவன் படித்துச் சிரிக்கிறான். தேதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த மாதம் என் முறை. தங்கைக்கும் மகளுக்கும் வந்திருப்பதால் என் கழுத்தையும் பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். மகள்தான் நாள் குறித்துக் கூட்டிப் போனாள். மிஸ்ஸி இந்த முறை படிவத்தை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார். நான் கை நீட்டுவதற்குள் மகள் அதை வாங்கி, மடியில் ஒரு புத்தகத்தை வைத்து அதன்மேல் எழுத ஆரம்பித்தாள். பெயர், வயது, முகவரி. எதையும் என்னைக் கேட்கவில்லை. ஒன்பதாவது கேள்வி வந்தது. ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினாள்: தங்கை. மகள்.

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி காலியாக இருந்தது.

"வேற யாராச்சும் இருக்காங்களா, அம்மா?" அந்தக் கசங்கிய குரலில் கேட்டாள். "இருந்தா இப்பவே சொல்லுங்க."

நன்றாக யோசித்துப் பார்த்தேன். அப்பாவின் பக்கம், அம்மாவின் பக்கம், தோட்டத்தில் இருந்த ஒவ்வொருவராக. உண்மையாகவே வேறு யாரும் இல்லை.

"இல்லம்மா," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடப் படிவத்தை என்னிடம் தரவில்லை. பேனாவை அந்தக் காலி வரியின் மேலேயே வைத்திருந்தாள்.